அறுபத்து மூன்றாவது கேள்வி

புன்னைவாயில் மருத்துவமனை இன்னும் தயாராகவில்லை என்பதால், புயல் ஆறு வருடமாகக் கடலில் நின்றுகொண்டிருந்தது.

படகுத்துறையின் நுனியில் நின்றால் தெரியும். சாம்பல் நிறம், இரண்டு தெரு அகலம், தூரத்தில் ரைஸ்மில் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். மீன்பிடிக்கப் போகிறவர்கள் அதை இடதுபக்கம் விட்டுச் சுற்றிக்கொண்டு போனார்கள். அதன் அடியில் மேயும் மத்திக்குக் கொழுப்பு அதிகம் என்று சந்தையில் தனிக்கூடையில் வைத்து விற்றார்கள். கிழக்குத் தெருவில் மட்டும் துணி காய இரண்டு நாள் ஆகும். மற்றபடி அதனால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

அதற்கு முந்தைய புயல் சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஊரைப் புரட்டிப் போட்டது. அதன் பிறகுதான் இந்தச் சட்டம் வந்தது. மருத்துவமனை தயாராக இல்லாத ஊருக்குள் புயல் நுழையக் கூடாது. புயல்கள் தரப்பிலும் ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை புயலின் ஆள் வந்து நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் கேட்பார். எல்லாவற்றுக்கும் 'உண்டு' என்று விழுந்தால் புயல் கிளம்பும். ஒன்றுக்கு 'இல்லை' என்று விழுந்தாலும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். அணை போட்டால்தான் வெள்ளம் வரும் என்று ஆகிவிட்ட ஊரில் என்ன செய்வது என்று அவர்கள் சொல்லவில்லை. அதை அமலோற்பவம் தானே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அமலோற்பவம் அங்கே தலைமை நர்ஸ். ஐம்பத்து நான்கு வயது. பேரிடர் ஆயத்தம் முழுவதும் அவள் பொறுப்பு. நூற்றுப் பதினொரு கேள்விகளுக்கு அவளிடம் 'உண்டு' இருந்தது. ஜெனரேட்டருக்கு மூன்று நாளைக்கு டீசல் உண்டு. கூடுதல் கட்டில் நாற்பது உண்டு, அவற்றைப் பதினெட்டு நிமிடத்தில் விரித்துவிடுவார்கள். பாம்புக்கடி மருந்து உண்டு. கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறினால் மருந்து அலமாரியை மாடிக்குத் தூக்க எட்டுப் பேர் உண்டு, அவர்களில் யாருக்காவது காய்ச்சல் என்றால் வர இன்னும் நான்கு பேர் உண்டு. மாதாந்தர ஒத்திகையில் ஊரே கலந்துகொள்ளும். மோசமான காயத்துக்குச் சிவப்பு அட்டை, காத்திருக்கக் கூடியதற்கு மஞ்சள், நடக்கக் கூடியவருக்குப் பச்சை, போய்ச் சேர்ந்தவருக்குக் கறுப்பு. பட்டாணி விற்கிற பரசுராமன்கூட ஒருவர் மூச்சை எண்ணிப் பார்த்துச் சரியான நிறத்தைக் கட்டிவிடுவார். எல்லாவற்றையும் அமலோற்பவம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

பார்க்காமல் இருக்க அவளால் முடியாது. பதினேழு வருடத்துக்கு முன்பு, முந்தைய புயலின்போது, அவள் புருஷன் சூசை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஐஸ் கம்பெனித் தகரம் பறந்து வந்து நெஞ்சில் அடித்திருந்தது. கையில் பத்தொன்பதாம் எண் டோக்கன். உள்ளே ஆக்சிஜன் சிலிண்டர் நிரம்பியிருந்தது, அதைத் திறக்கிற சாவிதான் இல்லை. ஒரு இரும்புச் சாவி, உள்ளங்கை நீளம். டியூட்டியில் இருந்த அமலோற்பவம் அதைத் தேடி நாற்பது நிமிடம் அந்தக் கட்டடம் முழுவதும் ஓடினாள். சூசை போய்ச் சேர்ந்த மறுநாள், லீவில் போன வார்டு உதவியாளர் ஒருவரின் சட்டைப்பையிலிருந்து அது கிடைத்தது. இப்போது அந்தச் சாவி சிலிண்டருக்கு மேலேயே ஓர் ஆணியில் தொங்குகிறது. அவள் ஒரு நாளைக்கு இருபது தடவை அதைத் தொட்டுப் பார்க்கிறாள்.

அறுபத்து மூன்றாவது கேள்வி ஆம்புலன்ஸின் மாற்றுச் சக்கரமான ஸ்டெப்னியைப் பற்றியது. அதற்கு மட்டும் 'இல்லை.'

ஸ்டெப்னி அவள் வீட்டு மாடியில் கிடந்தது. ஆறு வருடமாகக் கோழி ஒன்று மாற்றி ஒன்று அதன் நடுவில் அடைகாத்தது. வண்டி பஞ்சரானால் மருத்துவமனை எதிரில் கடை வைத்திருக்கும் சேக்தாவூது நாற்பது நிமிடத்தில் ஒட்டிக் கொடுத்துவிடுவார். அதனால் ஒரு குறையும் இல்லாமல் அந்தக் குறை நீடித்தது.

புயலின் ஆள் பெயர் கடம்பநாதன். குள்ளமானவர், அதிர்ந்து பேச மாட்டார், எப்போதும் நனைந்த சட்டை. வந்ததும் அவருக்கு ஒரு துண்டும் டீயும் கொடுப்பார்கள். அறுபத்து மூன்று வந்ததும் "ஸ்டெப்னி?" என்பார். "இல்லைங்க" என்பாள். அவர் எழுதிக்கொள்வார். பையை மூடும்போது மாதாமாதம் ஒரே வார்த்தைதான்.

"பழைய புயல் இந்த ஊர்ல ஒரு வேலையப் பாதியில விட்டுட்டுப் போயிருக்கு. அதையும் இதுதான் சுமந்துகிட்டு நிக்குது. கொஞ்சம் பாருங்க சிஸ்டர்."

அமலோற்பவம் பார்ப்பதாகச் சொல்வாள். பாதியில் விட்ட வேலை என்னவென்று அவளுக்குத் தெரியும் என்று நினைத்தாள். பழைய புயல் கை வைத்த குடும்பத்தில் சூசை போக மிச்சம் இருந்தது அவளும் அவள் மகள் ரெஜினாவும்தான். அதனால் ஸ்டெப்னியைக் கோழிக்கு விட்டுவைத்தாள்.

இந்த ஐப்பசியில் ரெஜினாவுக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்தது.

முதல் செவ்வாயன்று ஒன்பது மணிக்கு ஒத்திகை தொடங்கியது. ஒத்திகைக்கு அமலோற்பவம் எழுதிய விதிகள் இரண்டே இரண்டு. தாமதமாக வருகிறவருக்குக் கறுப்பு அட்டை, ஏனென்றால் நிஜத்தில் தாமதமும் அதுவும் ஒன்றுதான். கட்டிய அட்டையை ஐந்து மணிக்கு முன்பு அவிழ்க்கக் கூடாது, கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். அன்று சேக்தாவூது பள்ளிக்கூட வேன் ஒன்றுக்குப் பஞ்சர் ஒட்டிவிட்டு ஒன்பது பன்னிரண்டுக்கு ஓடி வந்தார். அமலோற்பவம் கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் கையில் கறுப்பைக் கட்டி, செத்தவர்களைக் கிடத்தும் கொட்டகைக்கு அனுப்பினாள்.

பத்து மணிக்கு ரெஜினாவைக் கொண்டுவந்தார்கள். வலி கண்டிருந்தது. குழந்தை கால் பக்கமாகத் திரும்பியிருந்தது. பெரிய டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, இங்கே முடியாது, மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், பன்னிரண்டரைக்குள் ஆபரேஷன் மேஜையில் இருந்தால் இரண்டு பேரும் பிழைப்பார்கள் என்றார். நாற்பத்தொரு கிலோமீட்டர். டிரைவர் வைரக்கண்ணு ரெஜினாவை ஏற்றிக்கொண்டு வாசலைத் தாண்டியதும், ஒத்திகைப் பந்தலிலிருந்து விழுந்த ஓர் ஆணி முன்சக்கரத்தில் ஏறியது.

அமலோற்பவம் கொட்டகைக்குப் போனாள். அவள் கறுப்பு கட்டிய பதினான்கு பேர் வரிசையாகச் செத்துக் கிடந்தார்கள். சேக்தாவூது கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

"தாவூது, எந்திரிங்க. வண்டி பஞ்சர். உள்ள ரெஜினா இருக்கா."

"சிஸ்டர், நான்தான் மௌத்தாயிட்டேனே. நீங்கதானே கட்டுனீங்க."

"நான்தான் கட்டுனேன்."

"அஞ்சு மணிக்கு முன்ன நான் எந்திரிச்சா மத்த பதிமூணு பேரும் எந்திரிச்சிடுவாங்க. அப்புறம் அடுத்த மாசம் ஒருத்தனும் ஒழுங்காச் சாக மாட்டான். இது நீங்க சொன்னதுதான்."

அது அவள் சொன்னதுதான். தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பன்னிரண்டு நிமிடத்துக்காக ஒரு மனுஷனைக் கொன்றுவைத்திருந்தாள்.

சேக்தாவூது கண்ணைத் திறக்காமலே சொன்னார். "உங்க வீட்டு மாடில ஒண்ணு கெடக்குதே சிஸ்டர். கோழி படுத்திருக்கும். பாத்து எடுங்க."

ஊரில் எல்லாருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. அமலோற்பவம் வீட்டுக்கு ஓடினாள். மாடியில் கோழி அவளை ஏறிட்டுப் பார்த்தது. அவள் ஏழு முட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய சோற்றுப் பானைக்குள் வைத்தாள். கோழியும் எழுந்து பானைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஸ்டெப்னியைப் படி வழியாக இறக்கிக் கடைத்தெரு வழியாக உருட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளைச் சேலையில் கறுப்பு விழுந்தது.

கடைத்தெருவில் கடைக்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். சக்கரம் உருண்டு போவதைப் பார்த்தார்கள். ஜவுளிக்கடைக்காரர் வெளியில் தொங்கிய சட்டைகளை உள்ளே எடுத்தார். மாடிகளில் பெண்கள் கொடியிலிருந்து துணிகளை உருவினார்கள். யாரோ சைக்கிளை எடுத்துக்கொண்டு படகுகளைக் கட்டச் சொல்லக் கடற்கரைக்குப் போனார். பரசுராமன் பட்டாணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடச் சுவரோடு சேர்த்துக் கட்டினார்.

அவள் மருத்துவமனை வாசலுக்கு வந்தபோது கடம்பநாதன் மேஜை முன்னால் துண்டைப் போர்த்திக்கொண்டு அறுபத்திரண்டை முடித்திருந்தார்.

"ஸ்டெப்னி?"

அமலோற்பவம் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டிக்குள் ரெஜினா முனகுவது கேட்டது.

"இருக்குங்க."

அவர் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு 'உண்டு' என்று எழுதினார். வைரக்கண்ணு அதற்குள் ஜாக்கியைப் போட்டுவிட்டான். மாட்டிய பிறகு அது ஸ்டெப்னியாகுமா என்று அமலோற்பவம் கேட்டுப் பார்த்தாள்.

"நான் பாத்தப்ப தனியா இருந்துச்சுங்களே" என்றார் கடம்பநாதன். மீதி நாற்பத்தொன்பது கேள்விகளையும் படபடவென்று முடித்து, அடியில் 'தயார்' என்று அச்சடித்திருந்த இடத்தைக் காட்டினார். "கையெழுத்த அது வந்த பெறகு போட்டாப் போதும். இப்பவே கெளம்பிடுச்சு."

பதினொன்று ஐந்துக்கு ஆம்புலன்ஸ் போனது. உப்பளச் சாலையைக் கடந்து பாலம் ஏற அதற்கு ஒரு மணி நேரம் வேண்டும். பதினொன்று இருபதுக்குப் புயல் வாசலுக்கு வந்துவிட்டது.

ஊருக்குள் போவதற்கு முன் மருத்துவமனையில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதால் அது படியருகில் நின்றது. அருகில் பார்க்கும்போது அத்தனை பெரிதாகத் தெரியவில்லை. இரைச்சலை அடக்கிக்கொண்டு நின்றது. அமலோற்பவம் ஒத்திகைப் பதிவேட்டைத் திறந்தாள்.

"இன்னைக்கு ஒத்திகை. உள்ள வர்றவங்க எல்லாரும் கலந்துக்கணும்."

"கலந்துக்கும்" என்றார் கடம்பநாதன்.

"எப்ப வரணும்னு சொல்லியிருந்தாங்க?"

கடம்பநாதன் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துப் பார்த்தார். "ஆறு வருஷத்துக்கு முன்னாடி, கார்த்திகை பதினொண்ணு, காலைல ஏழு மணி."

"இப்ப மணி பதினொண்ணு இருபது" என்றாள் அமலோற்பவம். "லேட்டு."

கடம்பநாதன் சுவரில் ஒட்டியிருந்த விதிகளைப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். பிறகு புயலைப் பார்த்துத் தலையாட்டினார். மணிக்கட்டு என்று சொல்லத்தக்க இடம் அதற்குத் தென்பக்கம் இருந்தது. அமலோற்பவம் அதில் கறுப்பு அட்டையைக் கட்டினாள். நூல் போதாமல் பேண்டேஜ் துணியைக் கிழித்து முடிச்சுப் போட்டாள்.

கொட்டகையில் இடம் குறைவாக இருந்ததால் நான்கு பேர் சேர்ந்து அதை மடித்துப் போட்டார்கள். "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்றார் சேக்தாவூது. அது தள்ளிப் படுத்தது. கடலில் ஆறு வருடமாக அது நின்ற இடத்தில் வெயில் விழுந்தது. கிழக்குத் தெருவில் துணி காய்ந்தது.

ஒன்றே முக்காலுக்கு வைரக்கண்ணு போன் செய்தான். பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். அமலோற்பவம் போனைப் பிடித்துக்கொண்டே மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு சிலிண்டர் சாவியைத் தொட்டுப் பார்த்தாள்.

நாலரைக்கு ஆம்புலன்ஸ் திரும்பி வந்தது. ஐந்து மணிக்கு மணி அடித்தார்கள். அமலோற்பவம் கத்தரிக்கோலோடு கொட்டகைக்குப் போய் ஒவ்வொருவராக அட்டையை வெட்டி, "எந்திரிங்க" என்றாள். பதினான்கு பேரும் எழுந்து உடம்பைத் தட்டிக்கொண்டார்கள். சேக்தாவூது அந்தப் பஞ்சரான டயரைத் தேடிக்கொண்டு போனார். புயல் மட்டும் கிடந்தது.

"கட்டினவங்கதான் அவுக்கணும்" என்றார் கடம்பநாதன். "நீங்க அவுக்கலைன்னா அது இப்படியே கெடக்கும். எங்க தரப்புல ஆட்சேபணை இல்லைங்க."

அமலோற்பவம் அங்கேயே நின்றாள். விட்டுவிடலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஆறு வருடமாக அவள் எல்லாவற்றையும் தயாராக வைத்துவிட்டு, தயார் என்று மட்டும் சொல்லாமல் இருந்தாள். அந்த வார்த்தைக்கு அடியில் கையெழுத்துப் போடத்தான் அவளுக்குப் பயம். சூசை போன அன்றைக்கும் யாரோ ஒருவர் எல்லாம் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டிருந்தார், சாவி சட்டைப்பையில் இருந்தது. இப்போது சாவி ஆணியில் இருக்கிறது. ரெஜினா பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். பாதியில் விட்ட வேலைக்கு இந்த ஊரில் மிச்சம் இருப்பது தான் ஒருத்திதான் என்றால், அது வந்து முடித்துக்கொண்டு போகட்டும் என்று நினைத்தாள். எழுந்திருக்காமலே கிடந்த ஒருவரை, சூசையை, அவள் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்துவிட்டாள். இன்னொரு தடவை பார்க்க அவளுக்கு மனம் இல்லை.

'தயார்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். முடிச்சை வெட்டி, "எந்திரிங்க" என்றாள்.

புயல் ஒன்றே முக்கால் மணி நேரம் அடித்தது. நாற்பது கட்டில்களைப் பதினாறு நிமிடத்தில் விரித்தார்கள். மின்சாரம் போன மறு நொடி ஜெனரேட்டர் எடுத்தது. மருந்து அலமாரி மாடிக்குப் போனது. நாற்பத்து மூன்று பேர் காயத்தோடு வந்தார்கள், எல்லாருக்கும் அக்கம்பக்கத்தாரே சரியான நிறத்தில் அட்டை கட்டி அனுப்பியிருந்தார்கள். ஓடு விழுந்து கால் முறிந்த பரசுராமன் தனக்குத்தானே மஞ்சள் கட்டிக்கொண்டு வந்து வரிசையில் உட்கார்ந்தார். கறுப்பு அட்டைப் பெட்டியை யாரும் திறக்கவில்லை.

ஆறு ஐம்பத்தைந்துக்குப் புயல் மேற்குச் சாலை வழியாகப் போனது. கடம்பநாதன் துண்டைப் பிழிந்து மடித்துக் கொடுத்தார். அமலோற்பவத்துக்குப் போய்விட்டு வாருங்கள் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. இந்த ஒருவரிடம் அதைச் சொல்லக் கூடாது என்று "சரிங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

"பழைய புயல் பாதியில விட்ட வேலைய வராந்தா பெஞ்சில எறக்கி வச்சிருக்கு" என்றார் அவர். "ஒப்படைச்சாச்சுன்னு ஒரு கையெழுத்து."

போட்டாள். அவர் பையை மாட்டிக்கொண்டு போனார். அவள் வராந்தாவுக்கு வந்தாள்.

பெஞ்சில் சூசை உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்திருந்தது. ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் பத்தொன்பதாம் எண் டோக்கனை வைத்திருந்தார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. வயது முப்பத்தெட்டு.

அமலோற்பவம் அட்டைகளை வெளியே எடுத்தாள். ஸ்ட்ரெச்சரோடு பின்னால் நின்ற சேக்தாவூது அவள் கையைப் பார்த்தார்.

"பதினேழு வருஷம் ஆவுது சிஸ்டர். விதிப்படி கறுப்பு இல்ல?"

"இவரு நேரத்துக்குத்தான் வந்தாரு" என்றாள் அமலோற்பவம். "சாவிதான் லேட்டு."

சிவப்பைக் கட்டினாள். உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். ஆணியிலிருந்து சாவியை எடுத்துச் சிலிண்டரைத் திறந்தாள். ஒரு திருப்பில் திறந்தது. கொஞ்ச நேரத்தில் சூசையின் உதட்டில் நிறம் வந்தது. அவர் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினார்.

"பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்துட்டாளா?"

"வந்துட்டா. பெரிய ஆஸ்பத்திரில இருக்கா. பொண்ணு பொறந்திருக்கு."

சூசை கூரையைப் பார்த்து யோசித்தார்.

"அப்ப யூனிபார்ம் சின்னதாப் போயிருக்குமே" என்றார்.

"ஆமா, போயிருச்சு" என்றாள் அமலோற்பவம். மாஸ்க்கைச் சரியாக மாட்டிவிட்டு, பதிவேட்டில் அவர் பெயரை நாற்பத்து நான்காவதாக எழுதினாள்.